நூலகத்தின் ஏழாவது விதி

என் மகளைப் பற்றி பள்ளிக்கூட அதிபர் மைக்கில் பேசியதை நான் நேரில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். சாயங்காலம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வைத்து, என்னோடு மலையில் வேலை செய்யும் காளியாயிதான் சொன்னாள். அவளுடைய மகனும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறான்.

"லெட்சுமி, ஒன் மக பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர கெடுத்துட்டாளாமே. காலக் கூட்டத்துல மைக்குல பேரச் சொல்லிச் சொன்னாங்களாம். பேட்ஜயும் கழட்டிட்டாங்களாம்."

வழக்கமாக என் பை தராசில் தொங்கும்போது நான் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். ஈரக் கொழுந்து என்று சொல்லி நிறுவை எழுதும் கண்டாக்கு கூடக் கொஞ்சம் கழித்தால் வாய்ச் சண்டைதான். அன்றைக்கு அவர் என்ன கழித்தார், என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக் கூட அவிழ்க்காமல் லயத்து வீட்டுக்கு நடந்தேன்.

மகள் ஜீவராணி அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்தின் மேல் பழி போட்டு அழலாம் என்று நினைத்திருப்பாள் போல. வெள்ளைச் சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது.

"நூலக மாணவர் தலைவி" என்று நீல எழுத்தில் எழுதிய பேட்ஜ் அது. அதைக் கொடுத்த நாளிலிருந்து இவள் வீட்டில் கூட ஒரு மாதிரித்தான் நடந்தாள். தம்பி கை கழுவாமல் புத்தகத்தைத் தொட்டால் அவனுக்கு அடி. நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கொப்பிக்கும் புத்தகத்துக்கும் பக்கத்தில் வைத்தால் எனக்கு முறைப்பு. நூலகத்துக்கான விதிகளை அவளே அழகான கையெழுத்தில் எழுதி வாசல் கதவில் ஒட்டியிருந்தாள். கை கழுவித் துடைத்துவிட்டு வர வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும், தண்ணீரோ சாப்பாடோ உள்ளே வரக்கூடாது, டீச்சரைக் கேட்காமல் பென்ட்ரைவ் போடக்கூடாது, எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும், அடுத்தவர் காத்திருந்தால் எழுந்து இடம் விட வேண்டும். மொத்தம் ஆறு. சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று கதவில் அவள் இடுப்பு உயரத்துக்குத் தாழ்த்தி ஒட்டியிருந்தாள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதை மைக்கில் வாசிப்பதும் அவள்தான்.

நான் படித்ததும் இதே பள்ளிக்கூடத்தில்தான். சாதாரணதரப் பரீட்சையோடு நின்றுவிட்டேன். அப்போது நூலகம் என்றால் அதிபரின் அறையில் பூட்டிக் கிடந்த ஓர் அலுமாரி. கண்ணாடி வழியாகப் புத்தகத்தின் முதுகைப் பார்க்கலாம். அவ்வளவுதான். இப்போது தனி அறை, தட்டுத்தட்டாகப் புத்தகம், கொழும்பில் யாரோ நல்ல மனிதர்கள் கொடுத்த கம்ப்யூட்டர்கள் வேறு. அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் மகள் கையில் இருந்தது எனக்கு எவ்வளவு பெருமை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

"என்னா நடந்துச்சுன்னு ஒழுங்கா சொல்லு பாப்பா," என்றேன்.

அவள் சொன்னாள். நான் கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை.

நவராத்திரி வாணி விழாப் பூசையை இந்த வருசம் நூலகத்தில் வைப்பது என்று அதிபர் செல்லசாமி சேர் முடிவு பண்ணியிருக்கிறார். புத்தகமும் கம்ப்யூட்டரும் கல்விதானே, சரஸ்வதி இருக்க வேண்டிய இடம் அதுதானே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியதில் தப்பில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். புதுமையாக ஒன்று செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. சாமி மேசையில் மூன்று கம்ப்யூட்டரை வரிசையாக வைத்து, அவற்றை ஓட விட்டு, மூன்று திரையிலும் சரஸ்வதி படம் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார். படம் எங்கே இருக்கிறது? ஜீவராணியின் பென்ட்ரைவில். மகள் விதியை நினைத்துத் தயங்கியிருக்கிறாள்.

"சாமி படத்துக்கு விதி கிடையாது. போடு," என்றிருக்கிறார்.

அவரும் கூப்பிட்டு வந்த பெரியவர்களும் சாமி மேசையைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். திரையில் சரஸ்வதி வீணையோடு உட்கார்ந்திருக்கிறாள். திரைக்கே சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டிருக்கிறார்கள். பிறகு கும்பத்துத் தண்ணீரை எடுத்து மாவிலையால் ஒருத்தர் தெளித்தார். அடுத்தவர் தெளித்தார். வந்த விருந்தாளி எல்லாரும் வரிசையாக வந்து தெளித்தார்கள். தெளித்த தண்ணீர் திரையில் வழிந்து கீபோர்டில் இறங்கியது. தூவிய மஞ்சள் அரிசியும் பூவும் கீபோர்டின் இடுக்கிலும், பெட்டியின் மேலே காற்றுப் போவதற்காக வைத்த ஓட்டைக்குள்ளும் விழுந்தன.

"நான் சொன்னேம்மா. சேர், தண்ணி தெளிக்க வேணாம், உள்ள கரண்ட் ஓடுதுன்னு சொன்னேன். எல்லாருக்கும் முன்னால என்ன பாத்து, சாமி காரியத்துல குறுக்க பேசாதன்னு சொல்லிட்டாங்க."

"நூலக டீச்சர் இல்லையா?"

"கேதீஸ்வரி டீச்சர் பக்கத்துலதான் நின்னாங்க. ஒண்ணும் பேசல."

தீபாராதனை காட்டும்போது நடுவில் இருந்த கம்ப்யூட்டரில் சரஸ்வதி படம் இரண்டு தடவை மின்னிவிட்டு அணைந்துபோய்விட்டது. அதைப் பார்த்து அதிபர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு, அம்பாள் பூசையை ஏற்றுக்கொண்டாள் என்று சொன்னாராம். மற்றவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். அம்பாள் எதை ஏற்றுக்கொண்டாளோ எனக்குத் தெரியாது. மெஷின் தண்ணீரை ஏற்றுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகாவது துடைத்திருக்கலாம். ஜீவராணி பூசை முடிந்தவுடனே துணியோடு போயிருக்கிறாள். பூசையில் வைத்த பொருளை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஈரத்தோடு மூடி வைத்த மெஷின்கள் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் மூன்றும் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தன. யாரோ ஒருத்தர் காரணம் ஆக வேண்டும். அதிபர் ஆக முடியுமா? விருந்தாளி ஆக முடியுமா? சரஸ்வதியைச் சொல்ல முடியுமா? பென்ட்ரைவ் போட்ட பிள்ளை கையில் கிடைத்தாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் அழகுமுத்துவிடம் எல்லாம் சொன்னேன். அவர் தேயிலைப் பெக்டரியில் வேலை செய்கிறார். எந்தச் சண்டைக்கும் போகாத மனிதர். எதைச் சொன்னாலும் முதலில் பெருமூச்சு விடுவார். விட்டார்.

"நாளைக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காங்க. போவோம். ஒரு கையெழுத்துன்னா போட்டுட்டு வந்துருவோம். அவ இன்னும் அங்கதானே படிக்கணும்."

"செய்யாததுக்குக் கையெழுத்தா?"

"சாமி விசயம் லெட்சுமி. நாம பேசி என்ன ஆகப்போகுது."

மறுநாள் அரை நாள் வேலையை விட்டுவிட்டுப் போனோம். அதிபரின் அறையில் நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். முன்னாலேயே தாள் தயாராக இருந்தது. செல்லசாமி சேர் எங்கேயோ இருந்து வந்தவர் இல்லை. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து மேலே வந்தவர். எங்கள் கஷ்டம் தெரிந்தவர் என்று ஊரே சொல்லும். தெரிந்தவர் செய்ததால்தான் எனக்குக் கோபம் இரண்டு மடங்கு.

"ஒக்காருங்க. பெரிய விசயம் இல்ல. பிள்ளைய திருத்தத்தான் பாக்கிறோம். இதுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா போதும்."

"என்னான்னு எழுதியிருக்கு சேர்?"

வாசித்தார். எமது மகளின் கவனக்குறைவால் நூலகக் கணினிகள் பழுதடைந்தன, இனி இவ்வாறு நடக்காது என உறுதியளிக்கிறோம். அழகுமுத்து பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். நான் அவர் கையின் மேல் என் கையை வைத்தேன்.

"கவனக்குறைவு யாரோடது சேர்?"

"பென்ட்ரைவ் போட்டது யாரு? ஒங்க மகதானே. அதுல இருந்த வைரஸ்தான் எல்லாத்தையும் கெடுத்துருச்சு."

"போடச் சொன்னது யாரு?"

அவர் தாளை நேராக்கி வைத்தார். பிறகு அதையே மறுபடியும் நேராக்கினார்.

"நான் சாமி படம் போடத்தான் சொன்னேன். வைரஸ் போடச் சொல்லல."

"வைரஸுன்னு பாத்துச் சொன்னது யாரு சேர்?"

"எங்க மச்சான் மகன் கொழும்புல வேல செய்யிறான். அவனுக்கு இதெல்லாம் அத்துப்படி. போன்ல கேட்டேன்."

"அவரு வந்து தெறந்து பாத்தாரா?"

"தெறந்து பாக்கணும்னு இல்லம்மா. சொன்னாலே தெரியும்."

"கொழுந்த கையில எடுத்துப் பாக்காம தண்ணி இருக்குன்னு கழிக்கிற கண்டாக்கு கூட எங்க மலையில இல்ல சேர். தண்ணி தெளிச்சத அவருகிட்ட சொன்னீங்களா?"

அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். குரலைத் தாழ்த்துகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் சந்தேகம்.

"நாகலெட்சுமி, பாத்துப் பேசுங்க. சாமி கும்பிட்டதாலதான் மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்ல வர்றீங்களா? வெளியில தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? ஒங்க மகளும் அதேதான் சொல்லிக்கிட்டுத் திரியிறா. சாமிக்குக் குத்தம் சொல்ற பிள்ளையா வளக்கப்போறீங்களா?"

இதுதான் அவருடைய பெரிய ஆயுதம். என் வீட்டுக்காரர் அப்போதே பாதி எழுந்துவிட்டார். நான் எழவில்லை. நான் ஒன்றும் சாமி இல்லை என்று சொல்கிறவள் அல்ல. எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வருசா வருசம் பால்குடம் எடுக்கிறவள். சரஸ்வதி மேல் எனக்கு என்ன குறை? அவள் படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற ஆட்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

"சாமிய நான் ஒண்ணும் சொல்லல சேர். மெஷின பாக்கணும். காட்டுங்க. அதுக்கப்புறம் கையெழுத்த பத்திப் பேசுவோம்."

மறுக்க அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நான் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அங்கத்தவள். பியூனை விட்டுக் கேதீஸ்வரி டீச்சரைச் சாவியோடு வரச் சொன்னார். ஜீவராணியையும் வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். கேதீஸ்வரி டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படிப்பிப்பவர். நூலகமும் கம்ப்யூட்டரும் அவர் பொறுப்பு. என் மகளுக்கு இந்த ஆசையை ஊட்டியதே அவர்தான். என் முகத்தைப் பார்க்காமல் பூட்டைத் திறந்தார்.

அறை பூட்டியே கிடந்ததால் புழுங்கிய வாடை. பிள்ளைகள் எல்லாருக்கும் நூலகம் மூடப்பட்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் மகளுக்கு மட்டும் தண்டனை கொடுத்தால் போதாதென்று முழுப் பள்ளிக்கூடத்துக்கும் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். கதவில் அந்த ஆறு விதிகளும் தாழ்வாக ஒட்டியபடியே இருந்தன. அதிபர் செருப்போடு உள்ளே நடந்தார். ஜீவராணி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நானும் கழற்றினேன்.

மூன்று கம்ப்யூட்டரும் பூப்போட்ட துணியால் மூடிக் கிடந்தன. துணியை எடுத்தேன். திரையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதற்குக் கீழே மஞ்சள் நிறத்தில் தண்ணீர் வழிந்த கோடுகள், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, மேசை வரைக்கும் இறங்கியிருந்தன. கீபோர்டில் எழுத்துகளுக்கு நடுவே மஞ்சள் கறை. எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அரிசி புடைக்கத் தெரியும். சுளகைக் கவிழ்ப்பது மாதிரி கீபோர்டைக் கையில் எடுத்துக் கவிழ்த்து, அடியில் ஒரு தட்டுத் தட்டினேன்.

மேசையில் அரிசி கொட்டியது. மஞ்சள் அரிசி. கூடவே கருகிப்போன செவ்வந்தி இதழ்கள்.

அடுத்ததையும் கவிழ்த்தேன். அதிலும் கொட்டியது. அழகுமுத்து மேசைக்குப் பக்கத்தில் வந்து ஓர் அரிசியை விரலால் எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, கையில் இன்னும் வைத்திருந்த அதிபரின் பேனாவை மேசை மேலேயே வைத்துவிட்டார்.

"வைரஸ் மஞ்சளாத்தான் இருக்கும் போல சேர்," என்றேன்.

கேதீஸ்வரி டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிபர் கதவைச் சாத்தினார். வெளியே பிள்ளைகள் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

"சரி சரி. மெதுவா பேசுங்க. ஏதோ நடந்துருச்சு. ஹட்டன்ல இருந்து ஆள வரச் சொல்லி பாக்கச் சொல்றேன். பேட்ஜ திரும்பக் குடுத்துடுறேன். வலயக் கம்ப்யூட்டர் போட்டிக்கு அவ பேர வெட்டினது இருக்கே, அதையும் சேத்துடுறேன். இந்தத் தாளையும் கிழிச்சுருவோம். இதோட விட்டுருவோமே."

வலயப் போட்டிக்கும் இவள் பெயரை வெட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு அந்த நிமிசம் வரை தெரியாது. ஜீவராணி அதை என்னிடம் சொல்லவில்லை. அவள் அந்தப் போட்டிக்காக வருசம் முழுவதும் இந்த மேசையில் உட்கார்ந்து பழகியவள்.

"மைக்குல சொன்னத மைக்குலயே இல்லன்னு சொல்லிருங்க சேர். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"அதெப்பிடிம்மா? அதிபர் போய் பிள்ளைங்க முன்னால நின்னு..."

"பிள்ளைங்க முன்னால பிள்ளைய சொல்ல முடிஞ்சுதே."

திங்கட்கிழமை பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். அந்த "பார்ப்போம்" எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் வேலை கேட்டு நிற்கிற நாளெல்லாம் கேட்ட சொல் அது.

வெளியே படியில் கேதீஸ்வரி டீச்சர் எனக்குப் பின்னால் வேகமாக வந்தார்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்கோ. நான் அண்டைக்கு வாய் திறந்திருக்க வேணும். எனக்குத் தெரியும். என்ர இடமாற்றத்துக்கு அவர்தான் சிபாரிசு எழுதித் தர வேணும். ஊரில அம்மா தனிய இருக்கிறா. அதால பேசாமல் நிண்டுட்டன்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒங்க அம்மா தனியா இருக்காங்க டீச்சர். எம் மகளும் அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால தனியாத்தான் நின்னா."

சொல்லிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிரவு வீட்டில் பேச்சு நீளவில்லை. அழகுமுத்து, பேட்ஜும் போட்டியும் கிடைத்துவிட்டதே, போதாதா என்றார். அவருக்கு நியாயம் புரியாமல் இல்லை. பயம்தான். நான் மகளைக் கேட்டேன். அவள்தானே அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போய் வர வேண்டியவள்.

"போட்டி இல்லாட்டியும் பரவால்லம்மா," என்றாள். "ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க என்ன பாத்தா புது வெளையாட்டு ஒண்ணு வெளையாடுறாங்க. நான் கிட்ட போனா, அக்கா கைய தொடாதீங்க, கெட்டுப்போயிரும்னு சொல்லிக்கிட்டு ஓடுறாங்க. நான்தான் அந்தப் பிள்ளைங்களுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக் குடுத்தேன்."



சனிக்கிழமை ஹட்டனிலிருந்து ஆள் வந்து பெட்டிகளைத் திறந்து துடைத்துக் காயவைத்திருக்கிறார். இரண்டு உயிர் பெற்றுவிட்டன. நடுவில் இருந்தது, அம்பாள் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார்களே, அது போனது போனதுதான். வைரஸ் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

திங்கட்கிழமை நான் காலையிலேயே போய்ப் பள்ளிக்கூட வாசல் மதில் ஓரமாக நின்றேன். வேலைக்குப் போகும் உடுப்பிலேயே போனேன். பனி இறங்கியிருந்தது. பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றார்கள். ஜீவராணி சட்டையில் பேட்ஜ் இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக் கொடுத்திருக்கிறார்கள். பறித்தது மைதானத்தில். கொடுத்தது அறைக்குள்.

தேவாரம் முடிந்து அதிபர் மைக்குக்கு வந்தார். சொல்லிவிடுவார், என்ன இருந்தாலும் படித்த மனிதர், சொல்லிவிடுவார் என்று ஒரு பக்கம் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

"அன்பான மாணவர்களே, எமது நூலகத்தில் பழுதடைந்திருந்த கணினிகள் திருத்தப்பட்டுவிட்டன என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன். எமது மலைநாட்டின் பனியும் ஈரமும் காரணமாக ஏற்பட்ட பழுது அது. இனி நூலகம் வழக்கம்போல் திறந்திருக்கும்."

பனியாம். இந்த மலையில் எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பெய்கிற பனி. என் காலில் அட்டை ஏறினாலும், இருமல் வந்தாலும், கொழுந்து குறைந்தாலும் அதன் மேல்தான் பழி. இப்போது செல்லசாமி சேரின் மாவிலைத் தண்ணீருக்கும் அதுதான் பழி ஏற்க வேண்டும். என் மகள் பெயரைச் சொல்லிக் கெடுத்தவர், அந்தப் பெயரைச் சொல்லிச் சரி பண்ணவில்லை. ஒரு வரி. ஒரே ஒரு வரிதான் கேட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவமானத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

உள்ளே நடந்து போய் அந்த மைக்கை வாங்கிவிடுவோமா என்று ஓர் அடி எடுத்து வைத்தும் விட்டேன். அதற்குள் அவர், வழக்கம்போல் நூலக விதிகள் வாசிக்கப்படும் என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். ஜீவராணி மேடையேறினாள்.

கையில் தாள் இருந்தது. ஆறு விதிகளையும் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். பிறகு தாளை மடித்தாள். இறங்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தோம்.

"ஏழு," என்றாள். "பூசை நாளிலும் கம்ப்யூட்டர் மேல் தண்ணீர் தெளிக்கக்கூடாது. பூவும் மஞ்சள் அரிசியும் போடக்கூடாது. இந்த விதி நூலகத்துக்கு வரும் எல்லாருக்கும் பொருந்தும்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிபர் மைக்குப் பக்கம் வந்தார். அவள் மைக்கை விடவில்லை.

"கம்ப்யூட்டர கெடுத்தது நான் இல்ல. பனியும் இல்ல. பென்ட்ரைவ் போடச் சொன்னது அதிபர் சேர். தண்ணி தெளிக்க வேணாம்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

"ஜீவராணி, போதும். கீழ போ," என்றார் அதிபர். அதுவும் மைக்கில் கேட்டது.

அவள் போகவில்லை. ஆசிரியர்கள் வரிசையில் ஓர் அசைவு தெரிந்தது. கேதீஸ்வரி டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்கு வந்து, என் மகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"பிள்ளை சொல்லுறது உண்மை, சேர். நானும் அங்க நிண்டனான். இவ வேண்டாம் எண்டு சொன்னவ. துடைக்க வந்த இவவையும் நாங்கள்தான் திருப்பி அனுப்பினனாங்கள்."

அதிபர் வரிசைகளைப் பார்த்தார், ஆசிரியர்களைப் பார்த்தார், வாசலில் படங்கோடு நின்ற என்னையும் பார்த்தார். தப்பிக்க ஒரு வழி தேடினார். கண்டுபிடித்தும் விட்டார்.

"சரி. நல்ல விதிதான். எழுதி ஒட்டிருங்க. கூட்டம் கலையலாம்."

யாரும் கலையவில்லை. ஜீவராணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"மத்த விதியெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்குத் தெரியிற மாதிரி கீழ ஒட்டியிருக்கு சேர். இத பெரியவங்க கண்ணுக்கு நேரா ஒட்டவா?"

ஆறாம் வகுப்பு வரிசையில் ஒரு பிள்ளை கை தட்டியது. பிறகு இன்னொன்று. அதிபர் நெற்றியைத் துடைத்தார். அந்தப் பனியிலும் அவருக்கு வேர்த்திருந்தது.

"ஒட்டு," என்றார்.

மைக் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வாசலில் நின்ற எனக்கும் கேட்டது.